சதுப்பு நிலத்தை நம்பிய ஜில்லா

உல்லாசப் பிரயாணிகளைக் கொண்டு ஒரு கிராமப்புற ஜில்லா பிழைக்கக் கூடுமா? அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சார்ல்ட்டன் ஜில்லாவின் முன் இன்று நிற்கும் கேள்வி இது.

அதனை அடுத்துள்ளது ஓக்கிபெனோக்கி என்னும் பெருஞ்சதுப்பு. நீரை வடித்துவிட எண்ணி ஒரு கம்பெனி 1891-இல் அதனை வாங்கிச் சுமார் 12 மைல் கால்வாய் வெட்டித் தோற்றது. வேறொரு கம்பெனி 1909 முதல் 1927 வரை சைப்ரஸ் மரங்களை வெட்டியது. 1937-இல் மத்திய சர்க்கார் அதனைச் சரணாலயமாக்கிற்று. இன்று பிரயாணிகள் முதலைகளைக் காணப் படகில் செல்வது அந்தப் பழைய கால்வாயின் வழியேதான்!

செஸ்ஸர் குடும்பத்தாரின் பழைய குடியிருப்பு நம் விவசாய அங்கத்தினர்களுக்குப் பிடிக்கும். கரும்பு பயிரிட்டுப் பாகு காய்ச்சியவர்கள் அவர்கள். முற்றத்தில் ஒரு புல்லும் விடாமல் வெண்மணலாகப் பெருக்கி வைப்பார்களாம். காட்டுத்தீ அண்டாது, பாம்பு வந்தாலும் தெரியும். போக்ஸ்டன் ஊரிலோ ரயில் வண்டிகள் போவதைப் பார்ப்பதற்கென்றே மேடை கட்டியிருக்கிறார்கள். (நகைக்க வேண்டாம், அதற்கும் ஆட்கள் வருகிறார்கள்.)

சதுப்பின் அருகே டைட்டேனியத் தாது தோண்ட ஒரு கம்பெனி முனைந்தபோது, வேலை கிடைக்குமென்று ஜில்லாவாசிகள் சிலர் ஆதரித்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; வேலையற்றவன் வீட்டில் இயற்கையழகு சோறாகாது. ஆயினும் தாதுமணலை ஒரு முறைதான் விற்க முடியும். 2025-இல் இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்று அந்நிலத்தை விலைக்கு வாங்கியது. இனிப் படகும் விடுதியும் போஜனசாலையும் உள்ளூரார் கூடி நடத்துவனவாக இருக்கவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். வெளியூர் முதலாளிகளிடம் விட்டால், பிரயாணி செலவிடும் டாலர் அன்று மாலையே ஜில்லாவை விட்டு வெளியேறிவிடும்.