உறவினரில் எவருக்கும் இல்லாத பெயர்

குழந்தை பிறந்த எட்டாம் நாள். விருத்தசேதனம் செய்து பெயரிடுவதற்காக எலிசபெத்தின் வீட்டில் அயலவரும் உறவினரும் கூடியிருக்கின்றனர். தந்தையின் பெயராகிய செக்கரியா என்பதையே பிள்ளைக்கும் இடுவதென அவர்கள் தாமாகவே தீர்மானித்துவிட்டனர். பெற்றோரைக் கேளாமலே பெயரை முடிவுசெய்யும் உறவினர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர் போலும்! தாய் மறுக்கிறார், குழந்தையின் பெயர் யோவான் என்கிறார். உம் உறவினரில் எவருக்கும் இப்பெயர் இல்லையே என்று அவர்கள் வியக்கின்றனர். பேச்சிழந்திருந்த தந்தையிடம் சைகையால் வினவுகின்றனர். அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, மனைவி சொன்ன அதே பெயரை எழுதுகிறார். உடனே அவருடைய நா கட்டவிழ்கிறது.

யூன் 24ஆம் நாள் திருச்சபை கொண்டாடும் பெருவிழாவின் நற்செய்தி இது. திருவழிபாட்டு ஆண்டில் மண்ணுலகப் பிறப்பு கொண்டாடப்படுவது மூவருக்கு மட்டுமே: ஆண்டவருக்கும், அன்னை மரியாவுக்கும், திருமுழுக்கு யோவானுக்கும்.

அப்பெயர் எபிரேயத்தில் 'யோகனான்'. 'யோ' என்பது ஆண்டவரின் திருப்பெயரின் சுருக்கம். 'கனான்' என்றால் அருள்கூர்ந்தார். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது முழுப்பொருள். இதே வேரிலிருந்து பிறந்ததே அன்னா என்னும் பெயரும். ஆகவே பேரனார் அருளப்புவும் பேத்தியார் அன்னம்மாவும் வாழ்ந்த நம் பழைய வீடுகளில் ஒரே எபிரேயச் சொல் இருமுறை ஒலித்துக்கொண்டிருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

செக்கரியாவின் உறவில் இல்லாதிருந்ததேயன்றி, யூதரிடையே இது அரிய பெயரன்று. தாவீதுடன் சேர்ந்த வீரருள் யோகனான் உண்டு. எரேமியா காலத்துப் படைத்தலைவன் காரேயாகின் மகனும் யோகனானே. இயேசுவின் காலத்தில் பாலஸ்தீன யூதர் தம் ஆண்மக்களுக்கு மிகுதியாக இட்ட பெயர்களுள் இதுவும் ஒன்று. புதிய ஏற்பாட்டில் மட்டும் திருமுழுக்கு யோவான், செபதேயுவின் மகன், மாற்கு எனப்பட்ட யோவான், பேதுருவின் தந்தை, தலைமைக் குரு குடும்பத்து யோவான் என ஐவர் உளர். பெயர் இருந்தால் குணமும் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். கி.மு. 134 முதல் 104 வரை யூதேயாவை ஆண்ட தலைமைக் குரு யோகனான் இர்க்கான், சமாரியரின் கெரிசிம் மலைக் கோவிலை இடித்தவர். இதுமேயரை வலிந்து விருத்தசேதனம் செய்வித்தவர். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பெயர் பூண்டவரின் வாள் அருள் காட்டவில்லை.

கிரேக்கத்தில் யோவான்னெஸ், போர்த்துக்கேயத்தில் யுவாவோ, இத்தாலியத்தில் யொவான்னி, ரஷ்யாவில் இவான், ஆங்கிலத்தில் ஜோன், அரபியில் யகியா என இப்பெயர் உலகை வலம் வந்தது. திருத்தந்தையர் வேறெப்பெயரையும் விட இதனையே மிகுதியாகத் தெரிந்துகொண்டனர். 1958இல் கர்தினால் ரொன்கால்லி இப்பெயரை ஏற்றபோது கூறிய காரணங்களுள் முதன்மையானது, அது தம் தந்தையின் பெயர் என்பதே. அத்தந்தை ஓர் ஏழை உழவர்.

இத்தனை மொழிகளுக்குள்ளும் நம் முன்னோர் செய்தது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தருவது. ஏனையோர் ஒலியைத் தம் நாவுக்கேற்ப வளைத்தனர். நம்மவரோ பொருளைக் கண்டறிந்து 'அருளப்பர்' என்றனர். 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றனர். ஆகவேதான் 1995 சனவரியில் நம் தீவுக்கு வந்த திருத்தந்தையை நம் மக்கள் அருள் சின்னப்பர் என அழைக்க முடிந்தது. அதே 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'யோவான்' என்பதே நிலைபெற்றது. பிற சபையாருடன் ஒரே விவிலியத்தை வாசிக்க அது வேண்டியதே. குறை கூற மாட்டேன். ஆனால் பொருள் மீண்டும் ஒலிக்குள் ஒளிந்துகொண்டது.

ஞானஸ்நானப் பதிவுக்காக வந்த இளம் தம்பதியர் ஒருவர் தாளொன்றை நீட்டினர். எண்சோதிடர் ஒருவர் கூட்டுத்தொகை பார்த்து, ஓரெழுத்தை இரட்டித்துக் கொடுத்த பெயர். பொருளைக் கேட்டேன். "தெரியாது ஃபாதர், ஆனால் கேட்க வடிவாயிருக்கு" என்றார் தாய். தந்தையின் பெயரோடு அருளப்பு என்னும் அவருடைய பேரனாரின் பெயரும் குடும்பப் பெயராக ஒட்டியிருந்தது. அதன் பொருளையும் அவர் அறிந்திருக்கவில்லை.

கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 855ஆம் இலக்கம். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டம் இதனிலும் கண்டிப்பானது. பெற்றோர் இணங்காவிடில், குரு தாமே புனிதர் ஒருவரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. அந்தக் கண்டிப்பு இன்று இல்லை. பேரனாரின் பெயரையே இடுங்கள் என்று நானும் வற்புறுத்தவில்லை. எலிசபெத்தே குடும்ப வழக்கத்தை மீறியவர் அல்லவா? ஆனால் அவர் மீறியது ஒலியழகுக்காக அன்று; கோள்களுக்கு அஞ்சியும் அன்று. தமக்குக் கிடைத்த அருளைப் பெயரிட்டு அழைக்கவே மீறினார். கடவுளின் கொடையாக வந்த பிள்ளையின் எதிர்காலத்தை எழுத்துகளின் கூட்டுத்தொகையிடம் ஒப்படைப்பவர், அக்கொடையை யாரிடமிருந்து பெற்றார் என்பதை மறக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. செக்கரியா என்றால் 'ஆண்டவர் நினைவுகூர்ந்தார்'; எலிசபெத்து என்பதில் 'ஆணை' என்னும் சொல் அடங்கியுள்ளது. நா கட்டவிழ்ந்த செக்கரியா பாடிய பாடலை, லூக்கா முதல் அதிகாரத்தின் 72, 73ஆம் வசனங்களில் பாருங்கள்: கடவுள் இரங்கினார், உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார், ஆணையைக் காத்தார் என்னும் கருத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. மகன், தந்தை, தாய் மூவரின் பெயர்களும் ஒரே மன்றாட்டாகிவிடுகின்றன! குருக்களும் துறவியரும் நாள்தோறும் காலைச் செபத்தில் அதனைச் சொல்லி வருகின்றனர்.

பெருவிழா மாலையில் குடும்பச் செபத்தின்போது இப்பகுதியை வாசியுங்கள். பின்னர் வீட்டிலுள்ள மூத்தவரிடம், அவருக்கு அப்பெயரை இட்டவர் யார், எதற்காக இட்டார் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.