‘சேவ் ஆகிடுச்சு’ன்னு சர்வர் எப்போ சொல்லணும்? காதர்பேட்டை கடைகள் கேட்க வேண்டிய கேள்வி

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டையில், பனியன், டி-ஷர்ட் வியாபாரம் செய்யும் சின்னக் கடைக்கு ‘சர்வர்’ என்றால் பெரும்பாலும் மூலையில் ஓடும் ஒரு சாதாரண கம்ப்யூட்டர்தான். கீழே பில் போடுபவர், மாடியில் ஸ்டாக் பார்ப்பவர், லேபிள் டிசைன் செய்பவர் என எல்லோரும் ஒரே ஷேர்டு ஃபோல்டரில் சேமிப்பார்கள். சாயங்காலம் பார்சல் அனுப்பும் நேரத்தில் அது தவழ ஆரம்பிக்கும்.

உடனே இரண்டு யோசனைகள் வரும். ‘புது சர்வர் வாங்கிடலாம்’ என்பது ஒன்று. ‘ஒரு செட்டிங்கை மாத்தினா பறக்கும்’ என்பது இன்னொன்று. முதலாவது வீண் செலவாகலாம், இரண்டாவது ஆபத்தாகலாம். நடுவில் மூன்றாவது வழி ஒன்று 30 ஆண்டுகளாகவே இருக்கிறது.

ஏன் தவழுது?

ஃபைலைப் படிப்பது பெரும்பாலும் வேகமாக நடந்துவிடும். அடிக்கடி கேட்கப்படும் ஃபைல் சர்வரின் ராம் மெமரியிலேயே இருக்கும். எழுதுவது அப்படியில்லை. கரண்ட் போனால் ராமில் இருப்பது போய்விடும். அதனால் டேட்டா டிஸ்க்கில் பதிந்த பிறகே ‘சேவ் ஆகிடுச்சு’ என்று சொல்ல வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களில் உருவாக்கிய என்எஃப்எஸ் ஃபைல் பகிர்வு முறையில் இது கறாரான விதி.

இந்த விதிக்கு விலை உண்டு. அதன் 2-ம் பதிப்பில் ஒரு ஃபைல் அதிகபட்சம் 8 கேபி துண்டுகளாகத்தான் போகும். 1 எம்பி ஃபைல் என்றால் 128 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் டேட்டாவை எழுதணும், ஃபைலின் அளவு, நேரம் பற்றிய குறிப்பை எழுதணும், பெரிய ஃபைல் என்றால் எந்தத் துண்டு எங்கே இருக்கு என்ற அட்டவணையையும் எழுதணும். ஆக 384 முறை. சாதாரண ஹார்டு டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 முறைதான் இப்படி அங்கும் இங்கும் ஓடி எழுதும். 1 எம்பிக்கே கிட்டத்தட்ட 4 வினாடி!

அந்தக் காலத்தில் இதற்குத் தீர்வாக, பேட்டரியோடு வரும் தனி மெமரி கார்டு விற்கப்பட்டது. ஆனால் 1994 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த யூஸ்னிக்ஸ் மாநாட்டில், டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் பொறியாளர் ஒருவர், தனி ஹார்டுவேர் இல்லாமலே வேகத்தைக் கூட்டும் வழியைக் கட்டுரையாக வைத்தார். அதன் பெயர் ‘ரைட் கேதரிங்’, அதாவது சேர்த்து எழுதுவது.

லாரி புக்கிங் கணக்கு

காதர்பேட்டைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். புக்கிங் ஆபீஸில் ஒரு பெட்டி வந்ததும் கிளார்க் அதைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் ஏற்றி, திரும்பி வந்து, எல்.ஆர். ரசீது தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பெட்டிக்கும் அதே நடை. ரைட் கேதரிங்கில், ‘இதே கடையிலிருந்து இன்னும் பெட்டி வருதா?’ என்று கிளார்க் கொஞ்சம் பொறுக்கிறார். எட்டுப் பெட்டியையும் ஒரே நடையில் ஏற்றிவிட்டு எட்டு ரசீதையும் தருகிறார்.

சர்வர் காத்திருப்பது சில மில்லி வினாடிதான். எட்டு எட்டாகச் சேர்த்தால் 16 நடை. ஒரு நடைக்கு 3 எழுத்து என்றால் மொத்தம் 48. நாலு வினாடி வேலை அரை வினாடியில் முடியும். முக்கியமாக, சரக்கு ஏறாமல் ஒரு ரசீதுகூடத் தரப்படவில்லை.

1995-ல் வந்த 3-ம் பதிப்பு இன்னொரு வழி கொடுத்தது. சர்வர் டேட்டாவை உடனே வாங்கிக்கொள்ளும். ஆனால் கடைசியில் ‘எல்லாம் பதிஞ்சாச்சா?’ என்று கேட்டு உறுதி வரும்வரை அனுப்பிய கம்ப்யூட்டர் ஒரு பிரதியை வைத்திருக்கும். நடுவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி அனுப்பிவிடும்.

அந்த ‘பறக்கும்’ செட்டிங்?

லினக்ஸ் சர்வரில் ‘அசிங்க்’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு. லாரியில் ஏற்றாமலே எல்.ஆர். கிழித்துக் கொடுப்பதுதான் அது. வேகம் பிரமாதமாக இருக்கும். கரண்ட் போனாலோ, சர்வர் ஹேங் ஆனாலோ, கையில் ரசீது இருக்கும், சரக்கு இருக்காது. இது விதிமீறல் என்று அதன் கையேடே சொல்கிறது. ஒரு காலத்தில் இதுவே டிஃபால்ட், பிறகு மாற்றிவிட்டார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபைல் பகிரும் சாம்பாவும் 2017-ல் வந்த 4.7 பதிப்பிலிருந்து ‘ஸ்ட்ரிக்ட் சிங்க்’கை டிஃபால்ட்டாக்கியது.

‘யுபிஎஸ் இருக்கே?’ என்று கேட்கலாம். யுபிஎஸ் கரண்ட் கட்டிலிருந்துதான் காப்பாற்றும். சர்வர் ஹேங் ஆவதையோ, உள்ளே பவர் சப்ளை புகைவதையோ அது தடுக்காது. திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிக ஃபைல்களுக்கு ‘அசிங்க்’ வைக்கலாம். பில்லுக்கும் ஸ்டாக்குக்கும் வேண்டாம்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து பாருங்கள். வினாடிக்கு 11, 12 எம்பியிலேயே நின்றால், லைன் 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். பெரிய ஃபைல் வேகமாகப் போய், நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்கள் மட்டும் தவழ்ந்தால், சிக்கல் நடைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. டிசைன் படங்களை ஒரே ஜிப் ஃபைலாக்கி அனுப்பினாலே வித்தியாசம் தெரியும். என்எஃப்எஸ் என்றால் 3-ம் பதிப்புக்குக் கீழே போகாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தவழ்ந்தால் புது டிஸ்க் வாங்குவது நியாயம். அதற்கு முன், சர்வரைப் பார்க்க வருபவர் ‘சரி பண்ணிட்டேன்’ என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்போ இது சேவ் ஆச்சுன்னு சொல்லும்போது, டேட்டா டிஸ்க்குல இருக்கா, இல்லையா?” ரசீதைப் பார்த்தே பணம் கைமாறும் ஊர் இது. பொய் ரசீது தரும் சர்வரை வேகமானது என்று ஏற்க வேண்டியதில்லை.