கோட்டைத் தாண்டும் கோச்சுகளும் ஊதாத விசில்களும்

கூடைப்பந்து மைதானத்தில் எத்தனையோ கோடுகள். மூணு பாயின்ட் கோட்டை ஷூ நுனி தொட்டிருந்தால்கூட ஒரு பாயின்ட் போச்சு. சைடு லைனை மிதித்தால் பந்து எதிரணிக்கு. எல்லாக் கோட்டுக்கும் மரியாதை உண்டு, ஒன்றைத் தவிர. பெஞ்சுக்கு முன்னால் கோச்சுக்காகப் போட்டிருக்கிறார்களே, அது! நம்ம ஊர் சிக்னலில் வெள்ளையாய் ஒரு ஸ்டாப் லைன் கிடக்குமே, அதுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் இதுக்கும்.

விஷயம் தெரியாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நான் சொல்லப்போவது அமெரிக்கா கதை. அங்கே பள்ளி ஆட்டங்களில் தலைமைக் கோச் மட்டும்தான் ஆட்டம் நடக்கும்போது எழுந்து நிற்கலாம், அதுவும் குறிப்பிட்ட இடத்துக்குள். இதுக்குப் பேர் கோச்சிங் பாக்ஸ். முன்பு அதிகபட்சம் 14 அடிதான். 2017-18 சீசனில் 28 அடியாக்கினார்கள். பள்ளி மைதானத்தின் நீளமே 84 அடி, ஆக மூணில் ஒரு பங்கு. அதே சீசனில் கல்லூரி ஆட்டங்களில் 28 அடியை 38 ஆக்கினார்கள். இவ்வளவு இடம் கொடுத்தும் பத்தவில்லை மனுஷங்களுக்கு. ஏதாவது ஒரு ஆட்டத்தை யூடியூபில் போட்டு, பந்தை விட்டுவிட்டு கோச்சின் காலை மட்டும் பாருங்கள். (நான் அப்படிப் பார்த்துத்தான் காஸ்ட் அக்கவுன்டிங் படிக்க வேண்டிய ஒரு வாரம் போனது.)

சரி, ரெஃப்ரி ஏன் ஊதுவதில்லை? பயம், சோம்பேறித்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலைதான் காரணம். பள்ளி ஆட்டத்தில் ஒரு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தால் எதிரணிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும் அவர்களுக்கே. கணக்குப் போட்டால் நாலஞ்சு பாயின்ட்டுக்கு வழி. 45-44 என்று ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தில், ஒரு கோச் ஒரு அடி தள்ளி நின்றதுக்காகப் பதினாறு வயசுப் பையன்களிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்க யாருக்குத்தான் மனசு வரும்? அபராதம் ரொம்பப் பெரிசாக இருந்தால் அதை யாரும் வசூலிக்க மாட்டார்கள். வசூலிக்காத அபராதம் சட்டப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும்.

அதுக்காக அந்த விதி செத்துப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. மூணு குவார்ட்டர் முழுக்க ரெண்டு கோச்சுகளும் கோட்டைத் தாண்டி உலாத்துகிறார்கள், ஒன்றும் இல்லை. நாலாவது குவார்ட்டரில் ஒருவர் ரெஃப்ரியின் தீர்ப்பைப் பார்த்து ஏதோ கத்துகிறார். உடனே அவருக்கு மட்டும் கோடு ஞாபகப்படுத்தப்படுகிறது! உண்மையான குற்றம் வாய், எழுதப்படும் குற்றம் கால். விதியைப் பயன்படுத்துவதற்கும் விதியைக் கையில் ஆயுதமாக வைத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

இதில் நஷ்டப்படுவது யார்? ஒழுங்காகக் கோட்டுக்குள் நிற்கிற கோச். தாண்டுகிறவர் நடு மைதானம் வரை போய்த் தன் டிஃபென்ஸை நிறுத்தி வைக்கிறார், எதிரணி என்ன ஆட்டம் போடப்போகிறது என்று கத்திச் சொல்கிறார். உள்ளே நிற்கிறவரின் குரல் எட்டுவதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. ரெஃப்ரி சைடு லைனை ஒட்டி, கண்ணை ஆட்டத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர். அந்த இடத்தில் ஒரு ஆள் குறுக்கே நின்றால் மோதல்தான்.

மோதல் என்றதும் ஜேசன் கிட் ஞாபகம் வருகிறது. 2010 பிப்ரவரியில் அவர் டல்லாஸ் அணி வீரர். அட்லாண்டா கோச் மைக் உட்சன் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். பந்தைத் தட்டிக்கொண்டு வந்த கிட், வழியை மாற்றி நேராகப் போய் அவர் மேலேயே இடித்தார். விசில்! டெக்னிக்கல் ஃபவுல் உட்சன் மேல். ரெஃப்ரி பார்க்கிறாரா என்று காத்திருக்காமல், பார்த்தே ஆக வேண்டிய நிலைமையை உண்டாக்கிய மூளை அது. அதே கிட் 2013 நவம்பரில் புரூக்ளின் அணியின் கோச். டைம் அவுட் தீர்ந்துபோன நேரத்தில் தன் வீரர் ஒருவரைத் தன் மேல் இடிக்க வைத்து, குளிர்பானத்தை மைதானத்தில் கொட்டினார். தரையைத் துடைக்கிற நேரத்தில் ஓசியில் ஒரு டைம் அவுட். ஆட்டத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. ஆளைத் திட்டுவதா பாராட்டுவதா என்று இன்னும் தெரியவில்லை!

பள்ளி ஆட்டத்துக்கு வருவோம். 2016-17ல் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கோச் பாக்ஸை விட்டு வெளியே வந்தால், பெரிய தப்பாக இல்லாத பட்சத்தில், முதலில் எச்சரிக்கை. வாயால் சொல்லிவிட்டுப் போவதல்ல. ஸ்கோர் புத்தகத்தில் எழுதி, கோச்சிடமும் தெரிவிக்க வேண்டும். பி.காம் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இந்த எழுதுகிற விஷயம் சாதாரணமில்லை. வவுச்சர் இல்லாத செலவு மாதிரிதான் எழுதாத எச்சரிக்கையும். "நான் அப்பவே சொன்னேன்", "எங்கே சொன்னீங்க?" என்கிற சண்டைக்கே இடமில்லை. முதல் ரெஃப்ரி எச்சரித்தது ரெண்டாவது ரெஃப்ரிக்கும் தெரியும். அடுத்து டெக்னிக்கல் வந்தால் கோச்சும் வானத்திலிருந்து குதித்த மாதிரி நடிக்க முடியாது.

ஆனால் இந்தக் கருவியும் பாதி ஆட்டத்துக்கு மேல்தான் வெளியே வருகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: முதல் குவார்ட்டரிலேயே எழுதுங்கள். ஸ்கோர் 6-4 ஆக இருக்கும்போது, யாரும் கோபப்படாத நேரத்தில், ரெண்டு பக்கமும் ஒரே அளவுகோலில். அப்போது அது பழிவாங்கலாகத் தெரியாது.

அப்புறம் அபராதத்தின் அளவு. என்.பி.ஏ.யிலும் சர்வதேச விதியிலும் டெக்னிக்கலுக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. பாக்ஸ் மீறலுக்கு மட்டுமாவது பள்ளி ஆட்டத்திலும் அப்படி வைத்தால் என்ன? பந்து இருந்த இடத்திலேயே இருக்கட்டும். போதாது என்பவர்களுக்கு: டெக்னிக்கல் வாங்கிய கோச் அங்கே பாக்ஸ் உரிமையையே இழக்கிறார், மிச்ச ஆட்டம் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். ரெஃப்ரிகள் இதை சீட் பெல்ட் என்று கிண்டலாகச் சொல்வார்கள். நிற்காமல் இருக்க முடியாத ஆளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

"உணர்ச்சியில் ரெண்டு அடி முன்னால் வருவது இயல்புதானே" என்று ஒரு வாதம் உண்டு. நல்ல ஷாட்டுக்குத் துள்ளி எழுவதை யாரும் குற்றம் சொல்லவில்லை. டைம் அவுட் கேட்க, அடிபட்ட பையனைப் பார்க்க ரெஃப்ரி கூப்பிட்டு உள்ளே வர, எல்லாத்துக்கும் விதியிலேயே வழி இருக்கிறது. நான் சொல்வது ஆட்டம் முழுக்க அங்கேயே குடியிருப்பவர்களை. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுகளுக்கு ரெஃப்ரி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது, வசவு தாங்காமல் விட்டுப் போனவர்கள் ஏராளம். முதல் வருஷம் விசில் பிடிக்கிற இருபது வயசுப் பையனின் காதுக்குப் பக்கத்தில் நின்று முப்பத்திரெண்டு நிமிஷமும் கத்துகிற கோச்சை, 28 அடிக்கு உள்ளே போங்கள் சார் என்று அந்தப் பையன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட ஊதுகிற சீனியர் ரெஃப்ரி அதை முதல் அஞ்சு நிமிஷத்திலேயே சொல்லி, புத்தகத்தில் எழுதியும் வைத்துவிட்டால் அந்தப் பையன் அடுத்த சீசனுக்கும் வருவான்.