பிடித்த பிடி விடாத பிரேக்

ஓடாத மோட்டார் வண்டியால் மனிதனுக்கு மனக் கஷ்டம் மட்டுமே உண்டு. நிற்காத வண்டியால் உயிருக்கே ஆபத்து உண்டு. ஆகையால், "நம் வண்டியின் பிரேக் பிடித்துக்கொண்டது" என்று நாம் சொன்னபோது, கீழ்பென்னாத்தூர் நண்பர் ஒருவர், "பிடிப்பதற்குத்தானே ஐயா பிரேக்? பிடிக்காவிட்டால் அல்லவா கவலைப்பட வேண்டும்?" என்று கேட்டார். பிடித்த பிரேக் மறுபடி விடவும் வேண்டும் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் நமக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்திய களைப்பு உண்டாகிவிட்டது.

நடந்தது இதுதான். 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை ஏறிற்று. அந்த மழையில் திருவண்ணாமலையின் சரிவிலே மண் இடிந்து விழுந்து ஏழு உயிர்கள் போயின. அத்தகைய துயரத்தின் முன்னால் நம் வண்டியின் கதை ஒரு கதையே அல்ல. ஆயினும் மழை வடிந்த பிறகு அவரவர் வீட்டுக் காரியத்தை அவரவர் பார்க்கத்தானே வேண்டும்?

நம்மிடம் இருப்பது ஒரு பழைய மாருதி 800. 1983-ல் பிறந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வமிசத்தின் கடைசிக் குழந்தைகளில் ஒன்று. மழை தொடங்கிய அன்று அதைப் புளிய மரத்தடியில் நிறுத்தி, கை பிரேக்கைப் பலமாக இழுத்து வைத்துவிட்டு வந்தோம். அப்புறம் பத்து நாள் அதன் பக்கம் போகவில்லை. தீபத்துக்கு முன்பாகத் தாயாரைத் திருவண்ணாமலையில் கண் வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரந்தான். தாயாரை உட்கார வைத்து, கை பிரேக்கைத் தளர்த்தி, வண்டியைக் கிளப்பினோம். முன்புறம் கிளம்பிற்று; பின்புறம் கிளம்ப மறுத்தது. இடது பின் சக்கரம், பிடிவாதக் குழந்தை தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு வருவதுபோல் சேற்றில் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

சற்றுத் தொலைவிலுள்ள ஒரு பட்டறைக்குத் தகவல் அனுப்பினோம். வந்தவர் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்றபடியே, "மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் பிரேக் கட்டை, டிரம், எல்லாம் மாற்ற வேண்டும்" என்றார். பதினோராயிரம் ஆகும் என்றும் சொன்னார். முகத்தைப் பார்த்தே ஜாதகம் கணிப்பவர்களை நாம் அறிவோம்; சக்கரத்தைப் பார்க்காமலே பிரேக்கைக் கணிப்பவரை அன்றுதான் கண்டோம். "யோசித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டோம்.

யாரை நம்புவது? இந்தக் கேள்விக்கு நம் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் ஒரு வழி சொன்னார்: "சார், வண்டியை நம்பிச் சோறு சாப்பிடறவன் எங்கே போறான்னு பாருங்க." இது எவ்வளவு நல்ல யோசனை! நமக்கு வண்டி கெட்டால் ஒரு நாள் பஸ்ஸில் போவோம். ஆட்டோக்காரருக்கு வண்டி கெட்டால் அன்றைய அடுப்பு எரியாது. அவர்கள் கூடி நிற்கும் பட்டறையில் ஏமாற்று வேலை நெடுநாள் நடக்க முடியாது. செஞ்சி ரோட்டின் ஓரத்தில், தகரக் கொட்டகை ஒன்றில் அப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகைகூடக் கிடையாது.

அவர் வந்ததும் முதலில் முன் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தார். பிறகு ஜாக்கி வைத்துப் பின்புறத்தைத் தூக்கி, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். வலது பக்கம் சுற்றிற்று. இடது பக்கம் அசையவில்லை. நமக்கும் கூப்பிட்டுக் காண்பித்தார்.

இங்கே நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆதியில் மோட்டார் வண்டியின் பிரேக்குகள் எல்லாம் கம்பியாலும் கயிற்றாலும் இயங்கியவைதான். நான்கு சக்கரங்களையும் திரவ அழுத்தத்தால் நிறுத்தும் முறையை, விற்பனைக்கு வந்த கார்களில் முதலில் கொண்டுவந்தது 1921-ல் அமெரிக்காவின் டூஸன்பெர்க் கார். இன்று கால் பிரேக் திரவத்தால் இயங்குகிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் கை பிரேக் மட்டும் இன்னும் அந்தப் பழைய கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே சக்கரம் பிடித்துக்கொண்டால், குற்றவாளி திரவமா, கம்பியா என்று முதலில் தெரிய வேண்டும்.

அவர் பின் சக்கரத்தின் உட்புறத்தில் இருந்த சிறு திருகைத் தளர்த்தினார். சில சொட்டுத் திரவம் வந்தது. சக்கரம் அப்படியே இருந்தது. "குழாய்க்குள்ளே அழுத்தம் மாட்டியிருந்தா இப்பவே விட்டிருக்கும் சார். இது ஆயில் குத்தம் இல்லே" என்றார். பிறகு கை பிரேக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். உறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து கம்பி துருவேறி இறுகிவிட்டது. நாம் உள்ளே பிடியைத் தளர்த்தியும், வெளியே அது தளரவில்லை. போதாதற்கு, ஈரத்தில் பத்து நாள் அழுந்திக் கிடந்த பிரேக் கட்டை டிரம்மோடு துருவினால் ஒட்டிக்கொண்டும் இருந்தது.

நமக்கோ அவசரம். "இரண்டு தட்டுத் தட்டிச் சக்கரத்தை விடுவித்துவிடு அப்பா! போய் வந்து மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம்.

"அது மாத்திரம் முடியாது சார். கம்பி மறுபடியும் பிடிச்சா கட்டை தேய்ஞ்சுகிட்டே ஓடும். சூடேறி ஆயில் கொதிச்சா, நீங்க கால் பிரேக் அமுக்குறப்போ அது உள்ளே போயிட்டே இருக்கும். அம்மாவை ஏத்திக்கிட்டுப் போறீங்க. பஸ்ஸிலே போங்க, சாயந்திரம் வண்டி தர்றேன்."

அவர் சொன்னது பௌதிகம். சாதாரணமாகப் பயன்படும் டாட் 3 வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. நீர் சேர்ந்த பழைய திரவத்துக்கு வகுத்திருக்கும் எல்லை 140 டிகிரிதான். கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் இதைப் போதிக்கும் நாம், தாயாரை வைத்துக்கொண்டு அதை மறக்கத் துணிந்தோம்! வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினோம்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது டிரம்கள் இரண்டும் கழற்றி வைத்திருந்தன. உள்ளே இருந்த தூளை அவர் வாயால் ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்திருந்தார். பழைய கட்டைகளின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு விஷம். கட்டைகளில் இன்னும் கனம் இருந்தது. துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தார். சிலிண்டரில் கசிவு இல்லை. மாற்றியது ஒரே ஒரு கம்பி. பழைய கம்பியையும், கடை ரசீதையும் நம் கையில் கொடுத்தார். கம்பி 380 ரூபாய், கூலி 700.

இனிமேல் சொல்லப் போவதுதான் நாம் வெட்கப்படும் பகுதி. 380 ரூபாயை எண்ணி வைத்தோம். பிறகு பழக்க தோஷத்தினால், "கூலியை ஐந்நூறாக வைத்துக்கொள்ளலாமே?" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்பிக்கு நீங்க பேரம் பேசலியே சார். கைக்கு மாத்திரம் பேசறீங்க. எல்லாரும் இப்படித்தான். அதனாலேதான் சில பேரு நல்ல சாமானையும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடறான். கூலியா கேட்டா கிடைக்காதது, சாமான்லே கிடைக்குது."

பதினோராயிரம் கேட்ட மனிதரின் மர்மம் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் செய்தது நியாயமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வித்தையை அவருக்குக் கற்பித்ததில் நமக்கும் பங்கு உண்டு. பெட்டியில் விலை அச்சடித்த பொருளுக்கு மறு பேச்சின்றிக் கொடுக்கிறோம். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த அறிவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. சீருடைக்கும் புஸ்தகத்துக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு வாத்தியார் சம்பளத்தைப் பற்றி முணுமுணுப்பவர்களை நாமே எத்தனை முறை ஏசியிருக்கிறோம்! 700 ரூபாயையும் கொடுத்தோம்.

நேயர்களுக்கு நம் அனுபவத்தின் சாரம் இது. மழைக் காலத்தில் வண்டியை நாள் கணக்கில் நிறுத்துவதானால், சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கை பிரேக்கை இழுக்காதீர்கள். தண்ணீரில் ஓட்டி வந்தால், நிறுத்துவதற்கு முன் மெதுவாகச் சில முறை பிரேக்கை அமுக்கிக் கட்டைகளை உலர விடுங்கள். பிரேக் திரவத்தை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மெக்கானிக் பழைய சாமானைக் காட்டுகிறாரா, காரணத்தைச் சொல்கிறாரா, வேண்டாத வேலையை வேண்டாமென்கிறாரா என்று பாருங்கள். சாமானுக்கு வேறாக, கூலிக்கு வேறாக ரசீது கேளுங்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையில் குறை இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் ஜில்லா ஆணையத்தில் முறையிடலாம். அங்கே முதலில் கேட்பது ரசீதைத்தான்.

துருவேறிய அந்தக் கம்பியை வகுப்பில் காட்டுவதற்கென்று அலமாரியில் வைத்திருக்கிறோம். உராய்வு, துரு, நெம்புகோல் என்று மூன்று பாடம் அதில் இருக்கிறது. நான்காவது பாடம் ஒன்றும் உண்டு, அது வாத்தியாருக்கு.