லூபஸும் ‘எதிர்ப்பு சக்தி’ வைத்தியமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தத் தெருவிலும் ஒரு பெண்ணுக்கு லூபஸ் என்று தெரிந்ததும் கிடைக்கும் ஆலோசனை அநேகமாக ஒன்றுதான்: “எதிர்ப்பு சக்தி இல்லைம்மா. சத்தா சாப்பிடு. இங்கிலீஷ் மருந்தைத் தொடர்ந்தா கிட்னி போயிடும்.” அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் முதல் வரியே தப்பு.

லூபஸில் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை; ஆள் மாறி அடிக்கிறது. கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்த உயிரணுவின் கருவையே குறிவைக்கின்றன. அதற்கு மேலும் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ எதற்கு? குதிரை மசால் விதை தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததாக 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வு வெளியானது. அதே செடிதான் அல்ஃபால்ஃபா என்ற பெயரில் சத்து மாத்திரையாக விற்கிறது.

கிட்னி பற்றிய பயம் நியாயமானது. குற்றவாளிதான் வேறு. லூபஸ்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோயே சிறுநீரகத்தைத் தாக்கும், அதுவும் வலியில்லாமல். சிறுநீரில் நுரையும் காலில் வீக்கமும் தெரிவதற்கு முன்பே புரதம் கசிவதைச் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை காட்டிவிடும். அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கிட்னியைக் காக்கவே உதவுகிறது. அதனால் கெடக்கூடியது விழித்திரை. ஆகவேதான் நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பும் கண் பரிசோதனையும். (2020 மார்ச்சில் இதே மாத்திரையைக் கொரோனாவுக்கென்று ஊரே வாங்கிப் பதுக்கியது. அப்போது யாருக்கும் கிட்னி ஞாபகம் வரவில்லை.) ஸ்டீராய்டுக்குப் பக்கவிளைவுகள் உண்டு, மறுப்பதற்கில்லை. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதனால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைக்கிறார். நாமே திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

“ஏ.என்.ஏ. பாசிட்டிவ், அப்போ லூபஸ்தான்” என்பது, உயிரணுக் கருவைக் குறிவைக்கும் அந்த எதிர்ப்பொருள்களைத் தேடும் ரத்தப் பரிசோதனையின் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பிறக்கும் பீதி. ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு அது பாசிட்டிவாக வரும். மூட்டுவலி, வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், ரத்த அணுக்குறைவு, சிறுநீரில் புரதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். கன்னத்துத் தடிப்பு நம் நிறத்தில் சிவப்பாகவே தெரியாமல் கருமையாகத் தெரியலாம். மங்கு என்று க்ரீம் பூசிக் காலம் போக்குவது அப்படித்தான். ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரே அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது.

கடைசி மிரட்டல்: “குழந்தை கூடாது.” நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெறலாம். கருவுக்கு ஆகாத மைகோஃபீனலேட் போன்ற லூபஸ் மருந்தை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கர்ப்பத்திலும் தொடரும். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் அந்த மாத்திரையை ஒளித்துவைத்து வேளை தவறுவதுதான் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து.