நாளுக்கொரு படி



ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்கிறோம். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் நவநாள் முழுவதும் கோவிலே கதியென்று இருக்கிறோம். தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்கிறோம். ஆயினும், “சாமி, விசுவாசத்தில் வளர்ந்ததாகத் தெரியவில்லையே, பத்து ஆண்டுக்கு முன் நின்ற இடத்திலேயே நிற்கிறோமே” என்று மனம் திறந்து சொல்வோர் நம் பங்குகளில் பலர் உண்டு. இவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். பக்தி உள்ளவருக்குத்தான் இந்தப் பசி தெரியும். எனவே இத்திங்கள் இக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எகிப்தை விட்டு வெளியேறிய மக்கள் பாலைநிலத்தில் பசியால் முறையிடுகிறார்கள். ஆண்டவர் வானத்திலிருந்து மன்னாவைப் பொழிகிறார். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வைக்கிறார். காலைதோறும் வெளியே சென்று, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் சேகரிக்க வேண்டும். வெயில் ஏறினால் அது உருகிவிடும். மறுநாளைக்கென்று பதுக்கி வைத்தால் புழு வைத்து நாறும். ஆறாம் நாளன்று மட்டும் ஓய்வுநாளுக்கும் சேர்த்து இரு மடங்கு எடுத்துக்கொள்ளலாம். கானான் நாட்டின் எல்லையை அடையும்வரை, நாற்பது ஆண்டுகள், இதுவே அவர்களின் உணவு.

இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக்கிவிட்டோம். இஸ்ரயேல் மக்கள் ஆறு நாள் சேகரித்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார்கள். நாமோ ஒரு நாள் மட்டும் சேகரித்து, எஞ்சிய ஆறு நாளையும் அதைக் கொண்டே ஓட்டப் பார்க்கிறோம். ஞாயிறு திருப்பலியின் மேன்மையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். கிறிஸ்தவ வாழ்வு முழுமைக்கும் ஊற்றும் உச்சியும் நற்கருணைப் பலியே என்பது திருச்சபையின் போதனை. ஆனால் வாரம் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு விருந்துக்கு வருபவனுக்கு விருந்தின் சுவைகூடச் சரியாகத் தெரிவதில்லை.

மன்னாவையும் இறைவார்த்தையையும் இணைத்துப் பேசுவது நம் கற்பனை அன்று, மறைநூலே இணைக்கிறது. மனிதனுக்கு அப்பம் மட்டும் போதாது, ஆண்டவரின் வாய்ச்சொல்லும் வேண்டும் என்று உணர்த்தவே மன்னா தரப்பட்டது என்கிறது இணைச்சட்ட நூல் (8:3). பாலைநிலத்தில் பசித்திருந்த இயேசுபிரான் சோதிப்பவனுக்கு விடையாக எடுத்ததும் இதே போதனையைத்தான் (மத்தேயு 4:4). அவர் நமக்குக் கற்பித்த செபத்திலும், ஆண்டு முழுமைக்குமான உணவைக் கேட்கச் சொல்லவில்லை. அன்றன்றைக்கு உரியதையே கேட்கச் சொன்னார். ஆகவே விசுவாசம் வளரவில்லையே என்று ஏங்குபவர், தம் உள்ளத்தில் என்ன குறை என்று ஆராய்வதற்கு முன், தம் வீட்டின் அன்றாட அட்டவணையைப் பார்ப்பது நலம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இரு மொழி அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். கற்ற சிறுவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார். ஆக, நம் கடற்கரை வீடுகளில் செபம் குடியேறியது நாள்தோறும் ஓதியதால். அதுவும் பிள்ளைகளின் வாய்வழியாக. பின்னர் 1578-இல் அன்றிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல். பதினாறே பக்கம் கொண்ட அச்சிறு நூல் செபங்களையும் மறைக்கல்வியையும் தருவது என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

செபம் நம் வீடுகளில் இருந்தது. மறைநூல்தான் நெடுங்காலம் வீட்டுக்குள் வராமல் இருந்தது. அக்குறையைத் தீர்த்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 நவம்பர் 18 அன்று வெளியான இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, குருக்களும் துறவியரும் மட்டுமன்றி இறைமக்கள் அனைவருமே மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. வாசிப்போடு செபமும் சேர வேண்டும், அப்போதுதான் அது இறைவனும் மனிதனும் உரையாடுவதாக அமையும் என்றும் அது கூறிற்று (எண் 25). 1969-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலம் முதல் புதிய வாசக ஒழுங்கு வழக்கிற்கு வந்தது: ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்று, வார நாள்களுக்கு இரண்டு ஆண்டுச் சுற்று. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் எளிய தமிழில் நம் கைக்கு வந்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார்.

கதவு அகலத் திறந்துவிட்டது. நாம் உள்ளே சென்றோமா? வீடு மந்திரிக்கச் செல்லும்போது விவிலியத்தைக் கேட்டால், பல இல்லங்களில் அது கண்ணாடி அலமாரியிலிருந்து வருகிறது. திருமண நாளில் கையளிக்கப்பட்டபோது இருந்த உறைகூடப் பிரிக்கப்படாமல் வருகிறது. மரியாதையாக வைத்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சோற்றுப் பானையை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதில்லை.

இதனால் நேரும் இழப்பு துயர வேளையில்தான் வெளிப்படுகிறது. இறப்பு நேர்ந்த வீட்டிற்கு இரவில் அழைக்கப்பட்டுச் செல்கிறோம். உறவினர் முப்பது நாற்பது பேர் கூடியிருப்பர். குரு வந்து தொடங்கும்வரை ஒரு செபம்கூட எழுவதில்லை. “எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சாமி” என்பார்கள். அது உண்மை; அன்றாடம் வாய்க்குப் பழகாத சொல் அழுகையின் நடுவே வந்து உதவாது. இதற்கு மாறாக, பள்ளிக்குச் செல்லாத ஒரு முதிய தாய், கணவரின் உடலருகே அமர்ந்து, நல்ல ஆயனைப் பற்றிய 23-ஆம் திருப்பாடலைப் பாராமல் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்ததையும் நாம் கண்டதுண்டு. பேரப்பிள்ளைகள் மாலைதோறும் வாசிக்கக் கேட்டுக் கேட்டு அது அவர் நெஞ்சில் பதிந்திருந்தது. அவரைச் சுற்றி இருந்தவர்களும் சிறிது நேரத்தில் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நேற்று உண்ட சோறு இன்று கலத்தில் இல்லை. ஆனால் உடலில் வலுவாக இருக்கிறது. நாள்தோறும் கேட்ட இறைவார்த்தையும் அவ்வாறே.

நம் புனிதர் தேவசகாயத்தின் வரலாறும் இதற்குச் சான்று. திருவிதாங்கூரில் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தார். அப்போது அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியாற்றிய டச்சுக்காரர். அந்த வரலாறு நீலகண்ட பிள்ளையின் உள்ளத்தைத் தொட்டது. 1745-இல் அவர் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கிறிஸ்துவுக்காக உயிர் ஈந்தார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. டிலனாய் குரு அல்லர், உபதேசியாரும் அல்லர், ஒரு போர்வீரர். யோபுவின் வரலாறு அவர் நெஞ்சில் இருந்தது. ஆகவே நண்பரின் துயரத்தில் அதை எடுத்துக் கொடுக்க முடிந்தது. உங்கள் அண்டை வீட்டார் மனமுடைந்து வந்து திண்ணையில் அமர்ந்தால், எடுத்துக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கிகோ என்னும் கார்த்தூசியத் துறவி, மறைநூல் வழிச் செபத்தை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். இதை உணவு உண்பதோடும் அவர் ஒப்பிட்டார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது. சிந்தனை அதை மெல்லுகிறது. செபம் அதன் சாரத்தைப் பெறுகிறது. இளைப்பாறுதல் அந்த இனிமையே ஆகிறது. துறவிகளுக்குச் சொன்ன இவ்வழி இல்லறத்தாருக்கும் பொருந்தும்.

மாலையில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் போதும். தொலைக்காட்சியையும் கைப்பேசிகளையும் அணைத்துவிடுங்கள். ஒருவர் அன்றைய நற்செய்தியை நிதானமாக வாசிக்கட்டும். ஒரு நிமிடம் அனைவரும் மௌனமாக இருங்கள். பின்பு ஒவ்வொருவரும் தம் மனத்தில் தங்கிய ஒரு சொல்லை மட்டும் சொல்லட்டும். விளக்கம் வேண்டாம், வாதம் வேண்டாம். அடுத்து ஆளுக்கொரு மன்றாட்டு. பின் கர்த்தர் கற்பித்த செபமும் ஒரு மங்கள வார்த்தை செபமும். முடிவில் பெற்றோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். செபமாலை சொல்லும் வீடுகளில், ஒவ்வொரு மறைபொருளுக்கும் முன் அதற்குரிய நற்செய்திப் பகுதியில் சில வரிகளை வாசித்தால், சொல்லிப் பழகிய செபமே புதிதாகத் தோன்றும். நாள்காட்டியைப் பார்த்து வாசிப்பது கடினமானால் மாற்கு நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அதிகாரங்கள், ஏறத்தாழ 680 வசனங்கள். நாளுக்குப் பதினைந்து வசனம் வீதம் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடலாம்.

“நேரம் இல்லை” என்பீர்கள். கப்பர்நாகூமில் பொழுது சாய்ந்த பின்னும் நோயாளரைக் குணமாக்கிக் களைத்த இயேசு, மறுநாள் விடியுமுன்னே எழுந்து செபிக்கச் சென்றார் (மாற்கு 1:32-35). “படித்தால் புரியவில்லை” என்பீர்கள். தேரில் அமர்ந்து எசாயாவைப் படித்த எத்தியோப்பியருக்கும் புரியவில்லைதான். அவர் நூலை மூடிவிடவில்லை, பிலிப்பைத் தேரில் ஏற்றிக்கொண்டார் (திருத்தூதர் பணிகள் 8). உங்கள் பங்குக் குருவிடமும் மறைக்கல்வி ஆசிரியரிடமும் கேளுங்கள், அவர்கள் மகிழ்வார்கள். “மனம் அலைகிறது, சுவை தெரியவில்லை” என்பீர்கள். செபிக்கத் தெரியாத நம் வலுவின்மையில் தூய ஆவியாரே துணை நிற்கிறார் என்கிறார் பவுலடியார் (உரோமையர் 8:26). “பிள்ளைகள் உட்கார மறுக்கிறார்கள்” என்பீர்கள். அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் வைக்காதீர்கள், வாசிக்க விடுங்கள். திமொத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முதலில் குடிகொண்டிருந்தது (2 திமொத்தேயு 1:5). பேருரைகளால் அல்ல, வீட்டின் வழக்கத்தால் அது அவரிடம் சேர்ந்தது.

வளர்ச்சியை எதைக் கொண்டு அறிவது? செபத்தில் கண்ணீர் வருவதைக் கொண்டு அன்று. நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், தந்தை விட்டுச்சென்ற நிலத்தின் பொருட்டு அண்ணனோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சை அறுத்திருந்தார் ஒருவர். அவர் வீட்டில் மாலைதோறும் நற்செய்தி வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. தவக்காலத்து முதல் வாரம், வெள்ளிக்கிழமை. பத்து வயது மகன் அன்றைய பகுதியை வாசித்தான். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு நல்லுறவு செய்துகொள்ளப் போ என்னும் ஆண்டவரின் கட்டளை அதில் வருகிறது (மத்தேயு 5:23-24). தந்தை எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் மாலை அவரே மகனை அழைத்து, “நேற்றுப் படித்ததையே படி” என்றார். மூன்றாம் நாள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். முதல் முறை கதவு திறக்கவில்லை, மீண்டும் போனார். நிலத் தகராறு அதன்பின்னும் நெடுநாள் தீரவில்லை. ஆனால் அந்த ஆண்டுப் பாஸ்கா இரவில் இரு குடும்பங்களும் ஒரே பாயில் அமர்ந்திருந்தன. அந்த வசனத்தை அவர் மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருப்பார். தம் வீட்டில், தம் மகனின் குரலில் கேட்டபோதுதான் அது அவரைத் தேடி வந்தது.

அன்பர்களே, ஏணியை ஒரே தாவலில் ஏறிக் கடந்தவர் எவருமில்லை. மன்னாவை ஒரே நாளில் ஆயுளுக்கும் சேர்த்து வைத்தவரும் இல்லை. இறைவன் நம்மிடம் பெரிய அளவைக் கேட்கவில்லை. இன்றைக்குரிய ஒரு படியை இன்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இவ்விதழைக் கீழே வைத்ததும் அலமாரியைத் திறந்து, விவிலியத்தின் உறையைப் பிரித்து, குடும்பத்தார் எல்லாரும் எடுக்கும் இடத்தில் அதை வையுங்கள். இன்று மாலை எத்தனை மணிக்கு, முதலில் வாசிப்பவர் யார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வாசிப்பவர் வீட்டில் இளையவராய் இருந்தால் இன்னும் நன்று.

இறைவார்த்தை உங்கள் இல்லங்களில் நிறைவாய்க் குடிகொள்வதாக!