இரண்டு உயிருக்குச் சாப்பிடலாமா?

கர்ப்பிணி என்றதும் "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்பார்கள் நம் வீடுகளில். பட்டினியே பெரிய பயமாக இருந்த காலத்துப் பேச்சு அது. இன்று நிலைமை வேறு.

2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் நாடு முழுவதும் 24 சதவீதம். டில்லியில் 41.3, தமிழ்நாட்டில் 40.4. ஆக, ஊரிலும் சரி, வந்த இடத்திலும் சரி, ஒரே கதைதான். அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. உடல் பருத்திருப்பதால் சத்து இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பருத்த உடலுடன் கர்ப்பம் தரித்தால் ரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு அதிகம். தாயின் ரத்தத்தில் மிகும் சர்க்கரை நஞ்சு வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது. ஆனால் தாயின் இன்சுலின் செல்வதில்லை. குழந்தையே இன்சுலினை அதிகமாகச் சுரந்து கொழுக்கிறது. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம், ஆபரேஷன் தேவைப்படலாம். தொப்புள்கொடி அறுந்ததும் தாயின் சர்க்கரை நின்றுபோகிறது, இன்சுலின் நிற்பதில்லை. "கொழுகொழு" என்று நாம் கொஞ்சும் அந்தக் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தாவது இப்படித்தான்.

இதற்காகக் கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து இளைக்கக் கூடாது. எடை ஏறும் வேகத்தைத்தான் டாக்டர் சொற்படி அடக்க வேண்டும்.

சர்க்கரைச் சோதனை எளிது. வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுகோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. சென்னை டாக்டர் வி. சேஷையா வாதாடிய இம்முறையை மத்திய அரசும் ஏற்றிருக்கிறது. அரை நாள் கூலி போனாலே மாதக் கணக்கு உதைக்கும் குடும்பத்துக்கு, ஒரே நடையில் வேலை முடிவது சிறு விஷயமல்ல. 2016 முதல் மாதந்தோறும் 9-ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனையும் உண்டு. முதல் சோதனையில் தப்பினாலும் 24-வது வாரத்துக்கும் 28-வது வாரத்துக்கும் இடையே மறுபடி செய்ய வேண்டும்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம். சோதனை இங்கே, தலைப்பிரசவம் ஊரில், தாய்வீட்டில். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இங்கே அலமாரியில் தங்கிவிடுகின்றன. ரயில் டிக்கெட்டோடு அவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான ஆறு வாரம் கழித்து மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் திரும்பும் பயணமும் வரும்.